பிரெல்லை எடைபோடுதல்

அகஸ்டின் பிரெல்லை (1850–1933) 1916 ஈஸ்டர் எழுச்சி ஒன்றைக் கொண்டே எடைபோடுவது எமக்கு ஒப்பவில்லை. அயர்லாந்தின் தலைமைச் செயலராக ஒன்பதாண்டுகள் இருந்தவர், டப்ளினில் துப்பாக்கிகள் வெடித்தபோது லண்டனில் இருந்தார், பதவி துறந்தார். விசாரணை ஆணையமும் முதற்பொறுப்பை அவர்மீதே சுமத்தியது. அதனை நாம் மறுக்கவில்லை. ஆயினும், கத்தோலிக்கரின் உயர்கல்விச் சிக்கல் பல்லாண்டுகளாகத் தீராதிருந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டத்தால் அதனைத் தீர்த்து, அயர்லாந்து தேசியப் பல்கலைக்கழகம் தோன்ற வழிசெய்தவரும் அவரே. (‘ஓபிடர் டிக்டா’ எழுதிய கட்டுரையாளரல்லவா!) அப்பல்கலைக்கழகத்தின் டப்ளின் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்த கவிஞர் தாமஸ் மக்டோனா, எழுச்சிப் பிரகடனத்தில் ஒப்பமிட்டவர்களுள் ஒருவர், 1916 மே 3 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். பிரெல்லின் தோல்வியைப் பேசுவோர் அந்த வகுப்பறையையும் சேர்த்துப் பேசட்டும்.