வைத்தியத்திலும் வேலியா?

கோலாலம்பூரிலும் அதைச் சூழ்ந்த கிள்ளான் பள்ளத்தாக்கிலும் வைத்தியக் கல்லூரிகள் பல இருக்கின்றன என்று பெருமையடித்துக் கொள்வது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸ் சாப்பாட்டுக் கடைகளிலே, மகனை டாக்டராக்க விரும்பும் தகப்பன்மார், மலாயா சர்வகலாசாலை உயர்ந்ததா, தேசிய சர்வகலாசாலை உயர்ந்ததா என்று வாதாடுவதை யாரும் கேட்கலாம். அக்கல்லூரிகளின் ஆஸ்பத்திரிகளிலே படுத்துக் கிடப்பவனை மட்டும் எவரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. நாம் அவன் பக்கத்திலிருந்து பேச விரும்புகிறோம்.

1905ஆம் வருஷம் சிங்கப்பூரில் ஏற்பட்ட வைத்தியப் பள்ளி ஒன்றையே மலாயா நெடுங்காலம் நம்பியிருந்தது. 1960களின் தொடக்கத்தில்தான் மலாயா சர்வகலாசாலையின் வைத்தியப் பகுதி கோலாலம்பூரில் தோன்றிற்று. அதன் முதல் தலைவர் டாக்டர் டி. ஜே. தனராஜ் அவர்கள். அதற்கென்றே கட்டிய ஆஸ்பத்திரி 1967இல் வேலை தொடங்கிற்று. தேசிய சர்வகலாசாலையோ 1973இல் மலாய் மொழியில் வைத்தியம் போதிக்கத் துணிந்தபோது, தனக்கென ஓர் ஆஸ்பத்திரி இல்லாமல், கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்து, 1997இல்தான் செராஸிலுள்ள சொந்த வீட்டுக்குப் போயிற்று. ஏறக்குறைய கால் நூற்றாண்டு காலம் ஏழை ஜனங்களின் ஆஸ்பத்திரியே அதன் பள்ளிக்கூடம். அது குறைவு என்று அன்று சொன்னவர் உண்டு. நம்மைக் கேட்டால் அதுவே நல்ல ஏற்பாடு என்போம்.

ஏனெனில் இன்றுள்ள நிலை என்ன? சர்வகலாசாலை ஆஸ்பத்திரிகள் உயர்கல்வி மந்திரியின் கீழ். பெரிய ஆஸ்பத்திரியும் கிள்ளான் ஆஸ்பத்திரியும் சுகாதார மந்திரியின் கீழ். பணம் வேறு, உத்தியோகப் பட்டியல் வேறு, உத்தரவு வேறு. தோட்டத்து ஜனங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் வண்டி சும்மா நின்றாலும், இத்தோட்டத்து லயம் தீப்பற்றினால் இரண்டு துரைமாரும் கடிதம் எழுதிக்கொண்டிருந்த காலத்தை அவர்கள் அறிவார்கள். லெம்பா பந்தாயிலிருந்து செராஸ் பத்து மைலுக்கு உட்பட்ட தூரமே. ஆனால் ஒரு வாசலில் எடுத்த இரத்தப் பரிசோதனையை மறுவாசலில் காட்ட, பிளாஸ்டிக் உறையில் காகிதங்களைச் சுமந்துகொண்டு கிழவியர் அலைய வேண்டியிருக்கிறது.

தனித்தனியாயிருப்பதால் நன்மையே இல்லை என்று நாம் சொல்லவில்லை. 1998 செப்டம்பரில் பேராக்கில் தோன்றி, பின் நெகிரி செம்பிலானுக்குப் பரவிய மூளைக் காய்ச்சலைச் சுகாதார இலாகா ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்றே கருதிக் கொசுவுக்குப் புகையடித்து, ஊசியும் போட்டது. ஊசி போட்டவரும் செத்தார்கள். பன்றிப் பண்ணைகளில் உழைத்த சீனரும் இந்தியரும் மடிந்தனர். 1999 மார்ச்சில் மலாயா சர்வகலாசாலை ஆஸ்பத்திரியாரே, இது கொசுவின் காரியமல்ல, புதிய கிருமி என்று கண்டார்கள். சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரையே அது பெற்றது. நோய் கண்டவர் 265 பேர். மாண்டவர் 105 பேர். தனிப் புத்தி உள்ள ஒரு கல்விச்சாலை இருந்ததால் உண்மை வெளிப்பட்டது. அதே சமயம், ஆரம்பம் முதலே இரு இலாகாக்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து ஆராய்ந்திருந்தால் எத்தனை உயிர் மிஞ்சியிருக்கும் என்று கேட்பதும் தவறாகாது.

உட்கார முடியாதா? முடியும். விசேஷ வைத்தியர்களாக விரும்புகிறவர்களுக்குச் சர்வகலாசாலைகள் கூடியே பரீட்சை நடத்துகின்றன. அம்மாணவர் சுகாதார இலாகா ஆஸ்பத்திரிகளிலும் வேலை செய்தே தேறுகின்றனர். 2021 ஜூலையில் கொரோனாக் கொள்ளைநோயால் கிள்ளான் ஆஸ்பத்திரியில் இடமின்றி, அவசரப் பிரிவுக்கு வெளியிலும் படுக்கை போட நேர்ந்தபோது, பள்ளத்தாக்கு முழுவதற்கும் ஒரே விசேஷக் குழு அமைத்து நோயாளிகளைப் பங்கிட்டார்கள். யார் ஆஸ்பத்திரி, யார் மந்திரி என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை. நோய் தணிந்ததும் அவரவர் வாசல் அவரவருக்கு ஆயிற்று! பரீட்சைத் தாளைச் சேர்ந்து எழுதத் தெரிந்த பெரியார்களுக்கு நோயாளியின் ஏட்டைச் சேர்ந்து வைக்கத் தெரியாதென்றால் யார் நம்புவார்?

"போட்டி இருந்தால்தான் தரம் உயரும்" என்று சில பண்டிதர் கூறுவர். ஆராய்ச்சியில் போட்டி இருக்கட்டும், வேண்டாமென்பார் யார்? படுக்கையிலும் பரிசோதனைக் கருவியிலும் போட்டி எதற்கு? அதுவும், பணங்கொடுத்துப் பார்ப்பவர்க்கென்று இவ்விரு சர்வகலாசாலைகளும் தனிப் பிரிவுகள் திறந்து, ஒரே நிபுணரைக் காசுள்ளவனுக்குச் சீக்கிரமாகவும் காசில்லாதவனுக்குத் தாமதமாகவும் கொடுக்கும்போது, தரத்தைப் பற்றி உபதேசிப்பது விந்தையாயிருக்கிறது.

இன்னொன்று. மாணவர் கற்பது ஏழையின் சரீரத்தில்தான். அவன் தன் சட்டையைக் கழற்றிக் காட்டுவதால்தான் இவர்கள் டாக்டராகிறார்கள். தோட்டத்தில் முதிர்ந்த ஒரு தாய் "நெஞ்சைக் கரிக்குது" என்றால் அது வயிற்றுக் கோளாறா, இருதயக் கோளாறா என்று விசாரிக்க அந்த மாணவனுக்கு நூறு தமிழ்ச் சொல்லாவது வேண்டாமா? ஒரு கல்லூரி ஆங்கிலத்தில் தொடங்கிற்று, மற்றது மலாயில் தொடங்கிற்று. அவளுடைய பாஷையில் இரண்டும் தொடங்கவில்லை. இரண்டு கல்லூரிகளும் சேர்ந்து ஒரு தமிழாசிரியரை வைத்தால் செலவு பாதிதான்.

கிள்ளானுக்குச் சர்வகலாசாலை ஆஸ்பத்திரி கிடையாது. தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களான பின் அங்கிருந்து வெளியேறிய நம் ஜனங்களில் பலர் இன்று அந்நகரைச் சுற்றியே வாழ்கின்றனர். ஆகவே, இரு மந்திரிகளும் சர்வகலாசாலைத் தலைவர்களும் கூடும் நிரந்தரச் சபையொன்று அமைக்கப்பட வேண்டும். அதில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்கு ஒரு நாற்காலியும், நோயாளிகளின் பிரதிநிதிக்கு ஒரு நாற்காலியும் இருத்தல் வேண்டும். நோயாளியின் ஏடு எல்லா வாசலிலும் திறக்க வேண்டும் என்பதே அச்சபையின் முதல் தீர்மானமாக இருக்கட்டும்.