நீலி கேட்ட நியாயம்



சென்ற பருவத்தில் எங்கள் விடுதியில் ஒரு மலையாளப் படம் காட்டினார்கள். 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் வெளிவந்து பெரும் வெற்றி பெற்ற ‘லோகா’ என்னும் படம் அது. கள்ளியங்காட்டு நீலியே அதன் நாயகி. படம் முடிந்ததும் அறைத் தோழன் ஒருவன் என் தோளைத் தட்டி, “நீ பாறசாலைப் பக்கத்துக்காரன் அல்லவா? இந்த நீலி உங்கள் ஊர்ப் பேய்தானே?” என்று கேட்டான். நானும் சிரித்துக்கொண்டே “ஆம்” என்று சொல்லிவிட்டேன்.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. பேய் என்று நானும் ஒப்புக்கொண்டேனே! என் பாட்டி இருந்திருந்தால் அந்தச் சொல்லைப் பொறுத்திருப்பாரா? அந்தக் கேள்விதான் இன்று என்னை எழுதத் தூண்டியது.

நான் பிறந்த சிற்றூர் பாறசாலைக்குத் தெற்கே, எல்லைக்கோட்டை ஒட்டி இருக்கிறது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. வரைபடத்தில் கோடு விழுந்தது. ஆனால் பாட்டுக்குக் கோடு தெரியுமா? களியக்காவிளைக்கு அப்பால் ஒரு கோயிலில் கொடை என்றால், இப்பால் உள்ளவர்களும் பாய் சுருட்டிக்கொண்டு போவார்கள். அங்கே பாடும் பாட்டைத் தமிழறிஞர் வில்லுப்பாட்டு என்பர். மலையாள அறிஞர் ‘தெக்கன் பாட்டுகள்’ என்னும் தொகுதியில் சேர்ப்பர். கேட்கும் பாட்டியர்க்கு அந்த வழக்கு வேண்டியதில்லை. கதை புரியும், கண் கலங்கும், அவ்வளவே.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது அப்படியொரு கொடையில் பாட்டியின் மடியில் கிடந்து நீலி கதை கேட்டேன். நடுவில் நீண்ட வில். வீசுகோல் பட்டதும் மணிகள் குலுங்கின. ஒருவர் குடம் அடித்தார், ஒருவர் உடுக்கை. அண்ணாவி ஓர் அடி பாட, பக்கத்தில் இருந்தவர்கள் வாங்கிப் பாடினார்கள். விவரங்கள் பாடுவோருக்கேற்ப மாறும். நான் கேட்ட கதை இது:

கோயில் தாசி ஒருத்தியின் மகள்மேல் ஒரு வேதியன் ஆசை வைக்கிறான். கைப்பொருள் தீர்ந்ததும் தாய் அவனைத் துரத்திவிடுகிறாள். மகளோ அன்பு மாறாதவள். நகைகளோடு அவனைத் தேடிப் போகிறாள். கள்ளிக்காட்டில் அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். நகைக்கு ஆசைப்பட்ட அவன், அவள் தலையில் கல்லைப் போட்டுக் கொல்கிறான். அருகில் ஒரு கள்ளிச்செடியைத் தவிர வேறு சாட்சி இல்லை. பின் அவனும் பாம்பு கடித்துச் சாகிறான். மறுபிறவியில் அவன் வணிகனாகிறான்; அவள் நீலியாகிறாள். அன்று சாட்சியாக நின்ற கள்ளியின் கொப்பையே குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘இவன் என் கணவன்’ என்று ஊரவைமுன் வழக்குரைக்கிறாள், பழி வாங்குகிறாள்.

கல் விழும் இடத்தில் அண்ணாவி குரலைத் தாழ்த்தினார். கூட்டத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்ததைப் பார்த்தேன். நான் பயந்து, “பேயா பாட்டி?” என்றேன். பாட்டி, “பேயி இல்ல மக்களே. ஞாயம் கேக்க வந்தவ” என்றார்.

இந்தக் கதைக்கு வயது மிகப் பெரிது. இதன் பழைய ஊர் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டை அடுத்த பழையனூர். 7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைத் தொட்டுக் காட்டுகிறார். அங்கே அவள் வஞ்சகத்தால் உயிர் கவர்ந்தவள். வணிகன் உயிருக்குப் பிணை நின்று, கொடுத்த சொல்லைக் காக்கத் தீப்பாய்ந்த 70 வேளாளர்களின் பெருமையைப் பிற்காலச் சைவ நூல்கள் பாடின. சமணர் அதே நீலியைத் தம் காப்பியத்துக்கு அழைத்துச் சென்றனர். 1936-இல் பேராசிரியர் அ. சக்கரவர்த்தி பதிப்பித்த ‘நீலகேசி’யில், அவள் முனிவரை அச்சுறுத்த வந்து, அறம் கேட்டு மனம் மாறி, பிற சமயத்தாரை வாதில் வெல்கிறாள்.

தெற்கே வந்தபோது கதையின் காடும் நாகர்கோவில் பக்கத்துக் கள்ளியங்காடாகவும் பஞ்சவன்காடாகவும் மாறியது. பின் மலையாளத்தில், கொட்டாரத்தில் சங்குண்ணி 1909 முதல் வெளியிட்ட ‘ஐதிகமாலை’யில், கடமற்றத்துக் கத்தனார் கதையில் ஒரு யட்சி வருகிறாள். வழிப்போக்கரிடம் சுண்ணாம்பு கேட்டு நின்று, குருதி குடிக்கும் யட்சி. மந்திரம் கற்ற பாதிரியார் அவளை அடக்குகிறார். மக்கள் மனத்தில் அவளும் நீலியும் ஒன்றாகிப் போனார்கள். 1979-இல் எம். கிருஷ்ணன் நாயர் ‘கள்ளியங்காட்டு நீலி’ என்றே ஒரு படம் எடுத்தார்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். ஓரிடத்தில் சொல் தவறாதவர்களின் பெருமை. ஓரிடத்தில் வாதத்தின் வெற்றி. ஓரிடத்தில் மந்திரவாதியின் ஆற்றல். கல் எங்கே? உறங்கியவளின் தலை எங்கே? பயத்தை எடுத்துக்கொண்டார்கள், பயத்தின் காரணத்தை விட்டுவிட்டார்கள். வில்லுப்பாட்டு ஒன்றுதான் முதலில் கல்லைக் காட்டிவிட்டுப் பிறகு பல்லைக் காட்டுகிறது.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையன்று. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ‘ரிதம் அண்ட் ப்ளூஸ்’ இசையிலும் இதே கதை நடந்தது. 1952-இல் வில்லி மே தார்ண்டன் என்னும் கறுப்பினப் பெண்மணி ‘ஹவுண்ட் டாக்’ என்னும் பாட்டைப் பாடிப் பதிவு செய்தார். எழுதியவர்கள் ஜெரி லைபர், மைக் ஸ்டாலர் என்னும் இரு இளைஞர்கள். உழைக்காமல் தன்னை உறிஞ்சித் திரியும் ஆடவன் ஒருவனை, ‘நீ ஒரு வேட்டை நாய்’ என்று வாசலிலிருந்து விரட்டும் பெண்ணின் பாட்டு அது. 1953-இல் அவ்விசைக்குரிய விற்பனைப் பட்டியலில் ஏழு வாரம் முதலிடத்தில் இருந்தது. பிறகு லாஸ் வேகாஸ் மேடைக் குழுவொன்று அதன் சொற்களை மாற்றி வேடிக்கைப் பாட்டாக்கியது. அதைக் கேட்டு 1956-இல் எல்விஸ் பிரெஸ்லி பாடினார், உலகமே ஆடியது. ஆனால் அவர் பாடியதில் ஆடவனைக் காணோம். அவனை விரட்டிய பெண்ணையும் காணோம். முயல் பிடிக்கத் தெரியாத ஒரு நாய்தான் மிஞ்சியது! தமக்குக் கிடைத்தது ஏறத்தாழ 500 டாலர் காசோலை ஒன்றே என்று தார்ண்டன் பின்னாளில் சொன்னார்.

ஒரு பாட்டை மற்றவர் எடுத்துப் பாடும்போது முதலில் உதிர்வது மெட்டன்று, தாளமன்று. அடிபட்டவளின் வழக்குத்தான் முதலில் உதிர்கிறது. அதற்கடுத்து உதிர்வது பாடியவரின் பெயர்.

“மாறாத பாட்டு செத்த பாட்டல்லவா? மாற்றிப் பாடுவதுதானே நாட்டுப்புறக் கலையின் உயிர்?” என்று ஒரு நண்பர் என்னோடு வாதிட்டார். உண்மை. கள்ளிக்கொப்பைக் கதையில் நட்டுவைத்தவரும் முன்னைக் கதையை மாற்றியவராகவே இருக்கலாம். புதிய ‘லோகா’ படமும் நீலிக்கு ஒரு வழக்கைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. அரசனின் கொடுமைக்குத் தன் மக்களைப் பறிகொடுத்த பழங்குடிச் சிறுமியாக அவளைக் காட்டுகிறது. அதைப் பாராட்டுகிறேன். பழைய வழக்கை விட்டாலும், வழக்கில்லாமல் நீலி இல்லை என்பதை அது உணர்ந்திருக்கிறது. மாற்றுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. காட்டை மாற்றுங்கள், ஊரை மாற்றுங்கள், மொழியை மாற்றுங்கள். கல்லை மட்டும் மறைக்காதீர்கள் என்கிறேன்.

பாடியவர்களையும் மறக்காதீர்கள். குமரி மாவட்டத்துப் பூங்கனி அம்மையார் சிறுவயதிலேயே மேடையேறி, ஆடவர் நடுவே வில்லின்முன் அமர்ந்து கோலெடுத்துப் பாடியவர். முதுமையில் வறுமையோடு வாழ்ந்து 2018-இல் மறைந்தார். நம்மில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? பிரெஸ்லியின் பெயர் தெரியாதவர் உண்டா?

ஆகவே நம் மன்றத்தாருக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டு விழாவுக்கு இம்முறை திரைப்பாடல் குழுவை அழைக்க வேண்டாம். எல்லைக்கு அப்பாலிருந்து ஒரு வில்லுப்பாட்டுக் குழுவை அழைப்போம். பத்து நிமிடக் காட்சிப் பொருளாக அன்று; கதை முழுதும் பாட மூன்று மணி நேரமாவது கொடுப்போம். உரிய ஊதியம் தருவோம். அண்ணாவியின் பெயரை அழைப்பிதழில் தலைமை விருந்தினரின் பெயர் அளவுக்கே பெரிதாக அச்சிடுவோம். மலையாளத் தோழர்களையும் முன்வரிசையில் அமர்த்துவோம். பாட்டு அவர்களுக்கும் உரியது.

என் அறைத் தோழனை நானே அழைத்து வருவேன். கல் விழும் இடத்தில் அவன் முகத்தைப் பார்ப்பேன். பிறகு அவன் கேட்ட கேள்வியை நான் அவனிடம் கேட்பேன்: “சொல், இவள் பேயா?”