பால் வெட்டியவர் பிள்ளைக்கும் வர்த்தகப் படிப்பு

சிங்கப்பூர் தேக்கா சந்தையிலிருந்து நடந்தே போகும் தூரத்தில், பிராஸ் பாசா வட்டாரத்தில் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக் கழகம் நிற்கிறது. அதன் வர்த்தகக் கல்லூரிக்கு லீ கொங் சியான் என்று பெயர். அவர் ரப்பரில் பெரும் பொருள் ஈட்டியவர். 1952-ல் அவர் நிறுவிய லீ அறநிதி, 2004-ல் அப்பல்கலைக் கழகத்துக்கு 5 கோடி வெள்ளி வழங்கியது. ரப்பர்ப் பணம் கல்வியாக மாறியதை நாம் பாராட்டுகிறோம். ஆனால் மரம் சீவிய கைகளுக்குப் பிறந்த பிள்ளையும் அந்த வாசலில் நுழைய வேண்டாமா?

"வர்த்தகப் படிப்பு முதலாளி வீட்டுப் பிள்ளைக்குத்தான்" என்று லயத்தில் இன்னும் பேசுகிறோம். இது தவறு. கணக்குத் தெரியாததால் ஏமாந்தவர்கள் நாம். கணக்குப் படிக்கும் உரிமை நமக்கே முதலில் உண்டு.

வழிகள் மூன்று. மதிப்பெண்ணும் திறமையும் பார்த்துத் தருவது உபகாரச் சம்பளம். குடும்ப வருமானம் பார்த்துத் தருவது உதவி நிதி. திருப்பிக் கட்ட வேண்டியது கடன். இம்மூன்றையும் இதே வரிசையில் தேட வேண்டும். நம்மவரோ முதலில் கடனுக்கு ஓடுகிறார்கள்.

சிங்கப்பூரில் குடியுரிமையோ நிரந்தரவாசமோ பெற்றுவிட்ட நம் உறவினர், சிராங்கூன் சாலைப் பக்கம் பீட்டி சாலையில் உள்ள சிண்டாவை நாடலாம். இந்திய சமூகத்துக்காக 1991-ல் தோன்றிய அமைப்பு அது. ஏழை மாணவருக்கு உதவி நிதி தருகிறது. மலேசியாவிலிருந்து போகும் பிள்ளைக்குச் சிங்கப்பூர் அரசின் கட்டண மானியம் உண்டு. ஆனால் படிப்பு முடிந்தபின் 3 ஆண்டு சிங்கப்பூர் நிறுவனத்தில் வேலை செய்வதாக ஒப்பந்தம் எழுத வேண்டும். கையெழுத்திடுமுன் தாய் தகப்பனுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள். அரசின் கட்டணக் கடனுக்குப் படிக்கும் காலத்தில் வட்டியில்லை. பிணை நிற்க ஆள் வேண்டும். தகப்பனாரின் சேமநிதியில் கைவைப்பது கடைசி வழியாக இருக்கட்டும். அது அவருடைய முதுமைக் காலச் சோறு.

இடம் கிடைத்தால் உதவியும் தானே வரும் என்று இருந்துவிடக் கூடாது. உதவிக்குத் தனி விண்ணப்பம், தனிக் கெடு. கெடு தவறினால் தகுதி இருந்தும் பயனில்லை. வறுமையை எழுத வெட்கப்படவும் வேண்டாம். "பள்ளிக்கு வெளியே என்ன செய்தாய்?" என்று பாரத்தில் கேட்பார்கள். பணக்காரப் பிள்ளை பியானோ என்று எழுதும். நம் பிள்ளை, விடியுமுன் எழுந்து தாயோடு பால் எடுக்கப் போனதை எழுதட்டும். அதுவும் பொறுப்புத்தான், உழைப்புத்தான்.

இங்கேதான் கிராணிமார்களை நாம் அழைக்கிறோம். செக்ரோல் எழுதும் உங்கள் கை, வாரம் ஒரு மாலை ஒரு விண்ணப்பப் பாரத்தையும் எழுதட்டும். சம்பளச் சீட்டின் நகலை எடுத்துக் கொடுங்கள். பால்வெட்டுத் தொழிலாளி படிக்காதவர் என்பதற்காக அவர் பிள்ளையும் இடம் இழக்கலாமா? சங்கக் கிளைகள் கெடுத் தேதிகளைப் பெரட்டுக் களத்தில் ஒட்ட வேண்டும். நிர்வாகங்கள் சம்பளச் சான்றைத் தாமதமின்றித் தர வேண்டும். இது நம் கோரிக்கை.

1950-களில் நன்யாங் பல்கலைக் கழகம் எழ, ரப்பர் அதிபர் டான் லார்க் சை 50 லட்சம் வெள்ளி அறிவித்தார். ரிக்‌ஷாக்காரர்களும் அன்றாடக் கூலியைத் தந்தார்கள். அதே காலத்தில் கோ. சாரங்கபாணி பல்கலைக் கழகத்தில் தமிழ் வாழ 'தமிழ் எங்கள் உயிர்' நிதி திரட்டினார். நம் எளிய மக்களும் கொடுத்தார்கள். அன்று கொடுத்த சமூகம் இன்று கேட்பதில் என்ன இழிவு?

கேளுங்கள், தோழர்களே! கெடுவுக்கு முன்பே கேளுங்கள்!