நாளை எண்ணியா, சோதித்துப் பார்த்தா?



மருத்துவமனை விவகாரம் நம் இதழில் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நோயுற்ற வேலையாளை என்றைக்குத் திரும்பக் கூப்பிடுவது என்பது மருத்துவமனைக்கு மட்டும் உள்ள சிக்கல் அன்று. மண்டிக்கும் மளிகைக் கடைக்கும் உள்ளதுதான். கொரோனா காலத்தில் பெரிய நாடுகள் இதில் நடந்துகொண்ட விதம் நாம் கவனிக்கத் தக்கது.

2021 டிசம்பரில் ஒமிக்ரான் பரவியபோது அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் நோயாளிகள் குவிந்தனர். அதே வேளையில் செவிலியர்களும் வார்டு உதவியாளர்களும் தாங்களே தொற்றுக்கு ஆளாகி வீட்டில் முடங்கினர். பொங்கல் வாரத்தில் எடை போடுகிறவரும் பில் போடுகிறவரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் நம் பாடு எப்படியோ அப்படித்தான். நமக்குப் போவது வியாபாரம். அங்கே போவது உயிர்.

அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 டிசம்பர் 23-ல் விதியை மாற்றியது. பத்து நாள் வீட்டில் இருக்க வேண்டிய மருத்துவப் பணியாளர், சோதனையில் தொற்று இல்லை என்று வந்தால் ஏழு நாளில் திரும்பலாம். இதுவரை சரி. ஆள் பற்றாக்குறை என்றால் ஐந்து நாள் போதும், சோதனை இல்லாமலும் வரலாம். நெருக்கடி முற்றினால் நாள் கட்டுப்பாடே வேண்டாம் என்றும் அதே விதியில் எழுதிவைத்தார்கள். நான்கு நாள் கழித்துப் பொதுமக்களுக்கும் ஐந்து நாள் என்றார்கள். பிறகு ஐந்து நாள் முகக்கவசம் அணியச் சொன்னார்கள், சோதனையைக் கட்டாயமாக்கவில்லை.

இங்கிலாந்து 2022 ஜனவரி 17 முதல் வேறு வழியில் போயிற்று. ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் விரைவுச் சோதனை. இரண்டிலும் தொற்று இல்லை என்று வந்து காய்ச்சலும் இல்லாவிட்டால் வெளியே வரலாம். இதை அறிவித்த சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவித் நாடாளுமன்றத்தில் ஒரு கணக்குச் சொன்னார்: ஐந்தாம் நாள் முடிவில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் தொற்றைப் பரப்பும் நிலையில் இல்லை. மீதி ஒரு பங்கை என்ன செய்வது? மூன்று மூட்டையில் ஒன்றில் வண்டு இருக்கிறது என்று தெரிந்தால், குத்தூசி போட்டுப் பார்க்காமல் மூன்றையும் குடோனில் அடுக்குகிற வியாபாரி நம்மில் உண்டா?

விரைவுச் சோதனை பெரிய வித்தை அன்று. மூக்கில் பஞ்சுக் குச்சி, பதினைந்து நிமிடக் காத்திருப்பு, ஒரு கோடா இரண்டு கோடா என்று பார்ப்பது, அவ்வளவே. கிருமியின் புரதம் போதிய அளவு இருந்தால்தான் இரண்டாம் கோடு விழும். ஆகவே நோயின் தொடக்கத்தில் இது ஏமாற்றிவிடும் என்ற குறை உண்மைதான். ஆனால் வேலைக்குத் திரும்பும் கட்டத்தில் கேள்வியே வேறு. பிறருக்குக் கொடுக்கும் அளவுக்கு அவரிடம் கிருமி இன்னும் இருக்கிறதா என்பதுதானே தெரிய வேண்டும்? ஆர்.டி.பி.சி.ஆர். சோதனையோ செத்த கிருமியின் துணுக்கையும் காட்டிக்கொடுக்கும். குணமாகி வாரக்கணக்கில் ஆனவரையும் வீட்டில் உட்கார்த்திவிடும். நகைக்கடைத் தராசில் மிளகாய் மூட்டையை நிறுக்கக் கூடாது. ஒரு தடவை தவறலாம் என்றுதான் இங்கிலாந்தில் 24 மணி நேர இடைவெளியில் இரு தடவை என்று வைத்தார்கள்.

இந்தியாவில் 2021 மே மாதம் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளும் பெட்டிக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அனுமதி தந்தது. புனேயில் தயாரானது; அப்போது விலை 250 ரூபாய். இரண்டு சோதனைக்கு ஐந்நூறு. ஒருவரை அவசரப்பட்டுக் கூப்பிட்டு மேலும் மூவர் படுப்பதால் வரும் நட்டத்தை இதோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. ஆள் தேவைப்படுகிறவனே, ஆள் தேறிவிட்டானா என்று தீர்ப்புச் சொன்னால் தீர்ப்பு எப்படி இருக்கும்? நம் எடைக்கற்களுக்கு நாமே முத்திரை குத்திக்கொள்ள அரசு விடுவதில்லையே. வேலையாளும் லேசுப்பட்டவர் இல்லை. சம்பளம் வெட்டு என்றால் இருமலை அடக்கிக்கொண்டு வந்து நிற்பார். அந்த ஆண்டு இங்கிலாந்தில் சட்டப்படியான நோய்க்கால ஊதியம் வாரத்துக்கு 96 பவுண்டு 35 பென்ஸ்தான். அதை நம்பி எத்தனை பேர் உண்மை சொல்வார்கள்? கூலி நிச்சயம் என்றால்தான் சோதனைக்கு மதிப்பு. நம் நாட்டில் ஈ.எஸ்.ஐ.யில் பதிவான, சந்தா நிபந்தனைக்கு உட்பட்ட தொழிலாளிக்கு ஊதியத்தில் 70 சதவீதம், ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். சிறு கடைப் பையன்களில் எத்தனை பேருக்கு இந்த வசதி இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

கொரோனா அவசரநிலை முடிந்துவிட்டதாக 2023 மே 5-ல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2024 மார்ச்சில் அமெரிக்கா பொதுமக்களுக்கான ஐந்து நாள் விதியையும் எடுத்துவிட்டது. மருத்துவமனைகளுக்கு அந்தத் தளர்வு பொருந்தாது என்றும் சொல்லிற்று. கடைப் பலகையின் அப்புறம் நிற்பவர் எழுபது வயதுக்காரராக இருந்தால் நம் நிலையும் ஏறக்குறைய மருத்துவமனை நிலைதான்.

ஆகவே அடுத்த பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் கொண்டுவர எண்ணுகிறேன். தொற்றுக் காய்ச்சல் கண்ட வேலையாளுக்கு ஐந்து நாள் சம்பளத்தோடு விடுப்பு. சோதனைப் பெட்டிகளைச் சங்கமே மொத்தமாக வாங்கி வைப்பது. திரும்ப வரலாமா என்பதை முதலாளியல்லாமல் சங்கம் அமர்த்தும் ஒரு டாக்டர் சொல்வது. செலவைக் கடைக்கு இவ்வளவு என்று பிரித்துக்கொள்ளலாம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் கூட்டத்துக்கு முன்பே செயலாளருக்கு எழுத்தில் தரலாம்.