இறுகிய இடத்தில் அளவுங்கள்

என் அத்தா 1988-இல் வாங்கிய, திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் உருவான புல்லட் ஒரு லட்சம் கி.மீ. கடந்தது. சென்ற தை அறுவடையின்போது, மனைவி பின்னே அமர்ந்திருக்க, கும்பகோணத்துக்கு அப்பால் அதன் சங்கிலி அறுந்தது. அல்லாஹ் காத்தான்.

முதல்நாள்தான் இறுக்கியிருந்தேன்; தொய்வான இடத்தில் அளந்ததே பிழை. தேய்ந்த சங்கிலி எங்கும் ஒரேயளவாய் நீளாது. அங்கே இறுக்கினால் மற்றோரிடம் விறைத்துவிடும். சக்கரத்தைச் சுழற்றி, மிக இறுகி நிற்குமிடத்தில் ஓரங்குலத் தொய்வு விட வேண்டும்.

நம் பக்கத்துச் சாலைகளில் பரப்பும் வைக்கோல் அச்சில் சுற்றிக்கொள்ளும், அதையும் அகற்றுங்கள். ஆயில், பிரேக், கிளட்ச் கேபிள் முதலியவற்றை ஒரு வாரம் முன்பே சரிசெய்து, வல்லம்வரை ஓட்டிப் பாருங்கள். புறப்படும் காலையில் கைவைக்காதீர்கள்.

இன்ஷா அல்லாஹ், சனிக்கிழமை சென்னைப் பயணம். சங்கிலியோடு பற்சக்கரங்கள் இரண்டையும் மாற்றச் சொன்னார் மெக்கானிக். செலவுதான்; மாற்றிவிட்டேன்.