மண் வனைவோருக்கு ஓர் இடம்

வருஷந்தோறும் மே மாதத்தில் கோடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் மலர்க் காட்சி நடக்கிறது. திரளும் ஜனங்கள் யூகலிப்டஸ் தைலமும் சாக்லேட்டும் வாங்கிக்கொண்டு மலை இறங்குகிறார்கள். மண் வனைவோருக்கு அங்கே என்ன இடம்?

1971-ல் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் புதுச்சேரியில் தொடங்கிய கோல்டன் பிரிட்ஜ் பட்டறை, மெருகிட்ட பாண்டத் தொழிலை எத்தனையோ பேருக்குக் கற்பித்தது. மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. முத்திரை மட்டும் வயிற்றை நிரப்புமா? 1,200 டிகிரிக்கு மேல் சுட்ட கோப்பையைச் சந்தைச் சட்டியின் விலைக்கல்லவா கேட்கிறோம்! சூளையில் வெடித்தவற்றின் நஷ்டம் யார் கணக்கில்?

சக்கரம் சுழல்வதைக் கண்ணால் கண்டவர் பேரம் பேசக் கூசுவர். பூங்காவில் புஷ்பங்களுக்கே இடம் போதாதென்றால், நாயுடுபுரத்தில் ஒரு கொட்டகை போடலாம். குயவர்கள் அங்கேயே வனைந்து காட்டி விற்கட்டும். சீஸன் முடியும்வரை நகராட்சியார் அவர்களிடம் வாடகை கேட்கலாகாது என்பது நமது அபிப்பிராயம்.