செயலி முடங்கினால் யாரிடம் முறையிடுவது?

யாழ்ப்பாணத்தில் தனியே வாழும் என் மூத்த சகோதரிக்கு வயது 78. கடந்த ஆண்டு ஆடி மாதத்தில் ஓர் இரவு எட்டரை மணிக்குச் சற்றுப் பின்னர் அவரிடமிருந்து எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. "தம்பி, வட்டம் மட்டும் சுத்திக்கொண்டு நிக்குது, படம் வருதில்லை. நான் எதையோ பிழையா அமத்திப்போட்டன் போல கிடக்கு" என்றார். குரல் நடுங்கியது.

அந்த நேரத்தில் ரொறன்ரோவில் முற்பகல் பதினொரு மணி. எங்கள் சித்தப்பாவின் மகனுடைய இறுதிக்கிரியைகள் அங்கே தொடங்கியிருந்தன. அக்காவும் அவரும் ஒரே வீட்டில், ஒரே முற்றத்தில் வளர்ந்தவர்கள். முப்பத்தைந்து வருடங்களாக நேரில் சந்திக்காதவர்கள். மண்டபத்திலிருந்து காணொளிச் செயலியொன்றின் ஊடாக நேரலை செய்வதற்கு அங்குள்ள பிள்ளைகள் ஏற்பாடு செய்திருந்தார்கள். கொழும்பில் நான் என் தொலைபேசியில் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவின் தொலைபேசியில் மாத்திரம் வட்டம் சுழன்றது.

நான்கு தசாப்தங்கள் பத்திரிகைத் தொழிலில் இருந்தவன் என்பதால், எதைப் பற்றியும் ஆலோசனை கூறும் துணிவு எனக்கு உண்டு. "தொலைபேசியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள்" என்றேன். பயனில்லை. "செயலியை அழித்துவிட்டு மீண்டும் பதிவிறக்குங்கள்" என்றேன். அக்கா தட்டுத் தடுமாறி அழித்தார். பதிவிறக்கச் சென்றபோது, அவருடைய கருவி இச்செயலியின் தற்போதைய பதிப்புக்குப் பொருத்தமற்றது என்ற ஒரு வரி தோன்றியது. அவ்வளவுதான். பல வருடங்களாக அந்தத் தொலைபேசியில் ஓடிக்கொண்டிருந்த பழைய பதிப்பை என் ஆலோசனையே இல்லாமல் செய்துவிட்டது.

அயல் வீட்டுப் பிள்ளை தன்னுடைய தொலைபேசியைக் கொண்டுவந்து கொடுத்தபோது பேழையை மூடிவிட்டார்கள். அக்கா முகத்தைப் பார்க்கவில்லை.

இரு வாரங்கள் கழித்து யாழ்ப்பாணம் சென்றபோது அத்தொலைபேசியைத் திருத்துநர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டுச் சிரித்தார். நினைவகம் முழுவதும் நிரம்பியிருந்தது. எள் போட்டால் எள் விழ இடமில்லை. உறவினர்கள் நாள்தோறும் வட்ஸ்அப்பில் அனுப்பும் காலை வணக்கக் காணொளிகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருந்தன. அவற்றில் ஐம்பதை அழித்திருந்தாலே அன்றிரவு செயலி பெரும்பாலும் இயங்கியிருக்கும் என்பது அவருடைய கருத்து.

இதை நான் இங்கே எழுதுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கின்றன. ஒன்று, என்னைப் போன்று அவசரத்தில் ஆலோசனை கூறுபவர்கள் தமிழர் வாழும் ஒவ்வொரு நாட்டிலும் இருக்கிறார்கள். கடல் கடந்து சிதறிப்போன குடும்பங்களுக்குத் திருமணமும் மரணமும் திருவிழாவும் இன்று சிறு திரையின் ஊடாகவே வந்து சேருகின்றன. அந்தத் திரை இருண்டுபோவதைப் பொழுதுபோக்குத் தடைப்பட்டதாக மாத்திரம் கருத முடியாது. மற்றைய காரணம், அன்றிரவு தவறு தன்னுடையது என்று அக்கா நம்பினார். இன்றும் நம்புகிறார். அந்த நம்பிக்கையை அவரிடம் விதைத்தவர்கள் யார் என்பதே என் கேள்வி.

முதலில் செய்யவேண்டியவற்றைப் பார்ப்போம். மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே சத்திரசிகிச்சைக்குச் செல்வதில்லை. இலேசானதிலிருந்து கடினமானதை நோக்கிச் செல்வதே முறை. இங்கும் அதுவே முறை.

செயலி முடங்கியதும் கேட்கவேண்டிய முதற் கேள்வி, இது எனக்கு மாத்திரமா, எல்லோருக்குமா என்பது. வேறோர் இடத்தில் இருப்பவருக்கு அதே செயலி இயங்குகிறது என்றால் பெரும்பாலும் நிறுவனத்தின் பக்கம் பழுதில்லை. அன்றிரவு என் கையிலேயே அந்தத் தடயம் இருந்தது. நான் அதைக் கவனிக்கவில்லை. எல்லோருக்கும் முடங்கியிருந்தால் தொலைபேசியைத் தொடவே கூடாது. காத்திருப்பதே மருந்து. இலங்கையில் வாழ்பவர்களுக்கு இதில் இன்னொரு சாத்தியமும் உண்டு. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுத்தாக்குதல்களுக்குப் பின்னரும், 2022 ஏப்ரல் 3ஆம் திகதி மக்கள் கிளர்ச்சியின்போதும் சமூக ஊடகங்களையும் யூரியூப்பையும் அரசாங்கமே முடக்கியது. அப்போதும் பலர் தங்கள் தொலைபேசியில்தான் குறை தேடினார்கள்.

இரண்டாவது, இணைப்பு. வீட்டு வைபையில் இயங்காதது தொலைபேசியின் டேட்டாவில் இயங்குகிறதா என்று மாற்றிப் பார்க்கவேண்டும். விபிஎன் இயக்கத்தில் இருந்தால் அதை நிறுத்திப் பார்க்கவேண்டும். ஒளிபரப்பு உரிமைகள் நாட்டுக்கு நாடு விற்கப்படுவதனால், சென்னையில் இயங்கும் ஒரு நிகழ்ச்சி லண்டனில் இயங்காமல் போவது பழுதாகாது.

மூன்றாவது, திகதியும் நேரமும். இது பலருக்கு வியப்பாக இருக்கும். பாதுகாப்பான இணைப்பு ஒவ்வொன்றும் டிஜிட்டல் சான்றிதழ் ஒன்றைக் காட்டியே ஏற்படுத்தப்படுகிறது. அந்தச் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தொலைபேசியின் நாட்காட்டி பின்தங்கியிருந்தால் அது செல்லுபடியான சான்றிதழையும் நிராகரித்துவிடும். நேரத்தைத் தன்னியக்கமாக அமைத்துக்கொள்ளும் வசதியை இயக்கினால் போதும்.

நான்காவது, நினைவகத்தில் இடம். அக்காவின் கதை இதற்குப் போதுமான சாட்சி. ஐந்தாவதாக, செயலியை முற்றாக நிறுத்தி மீண்டும் திறப்பது. அன்ட்ரோய்ட் தொலைபேசிகளில் செயலியின் தற்காலிகச் சேமிப்பை மாத்திரம் அழிக்கும் வசதி உண்டு. அதை அழிப்பதால் கணக்கு விபரங்கள் போய்விடாது. அதன் அருகிலேயே தரவுகள் அனைத்தையும் அழிக்கும் பொத்தானும் இருக்கும். அதை அழுத்தினால் கடவுச்சொல்லை மீண்டும் கேட்கும். பின்னர் பார்ப்பதற்கென்று சேமித்து வைத்திருந்தவையும் போய்விடும். இரண்டையும் ஒன்றென எண்ணி அழுத்துபவர்கள் அநேகர்.

இவற்றுக்குப் பின்னரே புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்ப்பதும் அதை நிறுவுவதும். சில வேளைகளில் குறை நாம் திறக்கும் செயலியில் இருக்காது. 2021 மார்ச்சில் உலகெங்கும் அன்ட்ரோய்ட் தொலைபேசிகளில் ஜிமெயில் உட்படப் பல செயலிகள் திறந்தவுடனேயே மூடிக்கொண்டன. பலரும் அவற்றை அழித்து மீண்டும் நிறுவினார்கள். ஆனால், காரணம் செயலிகளுக்குள் இணையப் பக்கங்களைக் காட்டும் 'வெப்வியூ' என்ற பொதுக் கூறுக்கு வந்த பிழையான மேம்படுத்தல். அதற்கும் குரோம் உலாவிக்கும் திருத்தப்பட்ட பதிப்பை கூகிள் வெளியிட்ட பிறகே நிலைமை சீரானது.

செயலியை அழிப்பது கடைசி வழி. அதுவும், தொலைபேசி பழையதாக இருந்தால், புதிய பதிப்பு அதில் இயங்குமா என்று முன்கூட்டியே உறுதி செய்துகொண்டபின் மாத்திரம். தொலைபேசியை ஆரம்ப நிலைக்கு மீட்டமைப்பது அதற்கும் அப்பாற்பட்டது. 2025 மார்ச் 9ஆம் திகதி இரண்டாம் தலைமுறை குரோம்காஸ்ட் கருவிகள் உலகெங்கும் திடீரென்று முடங்கின. 2015இல் சந்தைக்கு வந்தவை அவை. தொலைபேசியிலிருந்து தொலைக்காட்சிக்குக் காணொளியை அனுப்புவதற்குப் பயன்படுபவை. அவற்றுக்குள் இருந்த பத்தாண்டுச் சான்றிதழ் அன்று காலாவதியாகியிருந்தது. சில தினங்களில் கூகிள் நிவாரணம் வழங்கியது. ஆனால், அதற்கிடையில் பொறுமையிழந்து மீட்டமைத்தவர்களின் கருவிகளை மீண்டும் அமைப்பது மேலும் சிக்கலானது. மீட்டமைக்க வேண்டாம் என்று நிறுவனமே கேட்டுக்கொள்ள நேர்ந்தது. இச்செய்தியை வாசித்திருந்தும் நான் அக்காவுக்கு அப்படியோர் ஆலோசனை கூறினேன்!

இன்னோர் எச்சரிக்கையும் அவசியம். வெள்ளவத்தையில் வசிக்கும் என் நண்பர் ஒருவர், செயலி இயங்கவில்லை என்று இணையத்தில் தேடி, அங்கே கிடைத்த 'வாடிக்கையாளர் சேவை' இலக்கத்துக்கு அழைப்பு எடுத்தார். மறுமுனையில் மிக மரியாதையான குரல். தொலைபேசித் திரையைத் தூரத்திலிருந்து பார்க்கும் ஒரு மென்பொருளை நிறுவச் சொன்னது. பின்னர் வங்கி அனுப்பும் ஒருமுறைக் கடவு எண்ணைக் கேட்டது. அப்போதுதான் நண்பர் விழித்துக்கொண்டார். உதவி இலக்கத்தைச் செயலிக்குள்ளேயே அல்லது நிறுவனத்தின் சொந்தத் தளத்திலேயே பெறவேண்டும். எந்த நிறுவனமும் காணொளிச் செயலியைத் திருத்துவதற்கு உங்கள் வங்கியின் இரகசிய எண்ணைக் கேட்பதில்லை.

இவையெல்லாம் பாவனையாளர் செய்யக்கூடியவை. இனி, அவரால் செய்யமுடியாதவற்றைப் பற்றிப் பேசவேண்டும்.

1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுழற்றி, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் வானொலி கேட்டோம். ஒருவர் சுழற்ற, பத்துப் பேர் காதைத் தீட்டிக்கொண்டு பிபிசி தமிழோசையைக் கேட்ட காலம் அது. அந்த வானொலிப் பெட்டி முப்பது வருடப் பழையதாக இருந்தாலும் அதற்கு அலைவரிசை மறுக்கப்படவில்லை. ஒலிபரப்பு இருக்கும்வரை பெட்டியும் பாடியது. பெட்டி பழுதானால் திருத்துவதற்குச் சந்திக்குச் சந்தி ஆட்கள் இருந்தார்கள். கருவி நமக்குச் சொந்தமாக இருந்தது.

இன்று அப்படியல்ல. அக்காவின் தொலைபேசியில் கண்ணாடி உடையவில்லை, ஒலி கேட்கிறது, படம் தெளிவாக இருக்கிறது. ஆயினும் அது 'பொருத்தமற்றது'. இது அவரோடு நின்றுவிடும் பிரச்சினையும் அல்ல. இணையத்தளங்களுக்கு இலவசமாகச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் நிறுவனம், பாவனையில் இருந்த அன்ட்ரோய்ட் கருவிகளில் 33.8 சதவீதமானவை 7.1 பதிப்புக்கு முற்பட்டவை என்றும், அவை தன்னுடைய புதிய மூலச் சான்றிதழை அடையாளம் காணமாட்டா என்றும் 2020 நவம்பரில் எச்சரித்தது. பின்னர் கண்டறியப்பட்ட மாற்றுவழி ஒன்றினால் அந்த நெருக்கடி ஒத்திவைக்கப்பட்டது. அந்த மாற்றுவழியும் 2024இல் முடிவுக்கு வந்தது. தொலைபேசியைத் தயாரித்தவர்கள் மேம்படுத்தலை நிறுத்திக்கொண்டதன் விளைவை, அதை வாங்கிய ஏழைகளும் முதியவர்களும் சுமக்கிறார்கள்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. பழைய இயங்குதளங்களில் பாதுகாப்பு ஓட்டைகள் இருக்கின்றன. எல்லாப் பழைய கருவிகளுக்கும் எந்நாளும் செயலி தயாரித்துக்கொண்டிருக்க எவராலும் இயலாது. நிறுத்துவதை நான் ஆட்சேபிக்கவில்லை. சொல்லாமல் நிறுத்துவதையே ஆட்சேபிக்கிறேன்.

'ஏதோ தவறு நிகழ்ந்துவிட்டது, பின்னர் முயற்சிக்கவும்' என்று திரையில் தோன்றும் வாசகத்தை எண்ணிப் பாருங்கள். என்ன தவறு, எங்கே, எப்போது, ஏன், யாரால் என்ற எந்தக் கேள்விக்கும் அதில் பதிலில்லை. இப்படியொரு செய்தியை எழுதிக்கொண்டு வந்த இளம் நிருபரை நான் திருப்பி அனுப்பியிருப்பேன். 'உங்கள் தொலைபேசியில் இடம் போதாது' என்று அன்றிரவு தமிழில் ஒரு வரி வந்திருந்தால், அக்கா தானாகவே எதையாவது அழித்திருப்பார். பழுதின் காரணத்தைச் சொல்லாத இயந்திரத்தின் முன்னால், முதியவர் தன்னையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்.

வேறு நாடுகள் இதைக் கவனிக்கத் தொடங்கியிருக்கின்றன. பாதுகாப்பு மேம்படுத்தல் குறைந்தது எவ்வளவு காலத்துக்குக் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பாளர் வெளிப்படையாகக் கூறவேண்டும் என்ற சட்டம் பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20ஆம் திகதி முதல், ஒரு மாதிரித் தொலைபேசியைச் சந்தைக்கு விடுவது நிறுத்தப்பட்ட பின்னரும் குறைந்தது ஐந்து வருடங்களுக்கு இயங்குதள மேம்படுத்தல் கிடைக்கவேண்டும். கூகிளும் சம்சுங்கும் தங்களது சில உயர்விலைத் தொலைபேசிகளுக்கு ஏழு வருடங்கள் என்று வாக்குறுதி அளித்திருக்கின்றன. எங்கள் சந்தையில் பெரும்பாலானோர் வாங்குவது மலிவானவற்றையும் கைமாறி வருபவற்றையும்தான்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இருக்கிறது. பாண் நிறையையும் அரிசி விலையையும் பரிசோதிக்கும் அச்சபை, தொலைபேசிப் பெட்டியின் மேல் 'எந்த ஆண்டு வரை மேம்படுத்தல் கிடைக்கும்' என்ற ஒரு வரியை மூன்று மொழிகளிலும் அச்சிடச் செய்யவேண்டும். அதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஏற்படப்போவதில்லை. வெளிநாடுகளில் இருந்து பெற்றோருக்குத் தொலைபேசி வாங்கி அனுப்பும் பிள்ளைகளும் கமராவின் தரத்தை விசாரிப்பதற்கு முன்னர் அந்த ஆண்டை விசாரிப்பது நல்லது. தாங்கள் பாவித்துக் கழித்ததை ஊருக்கு அனுப்பும்போது இன்னும் கவனமாக விசாரிக்கவேண்டும்.

அக்காவுக்கு இப்போது புதிய தொலைபேசி வாங்கிக் கொடுத்திருக்கிறோம். காலை வணக்கக் காணொளிகள் தாமாகச் சேமிக்கப்படாதவாறு அமைத்திருக்கிறேன். மாதத்தில் ஒருமுறை நினைவகத்தைப் பார்க்கும்படி அயல் வீட்டுப் பிள்ளையிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். சென்ற வாரம் கதைத்தபோது, "இனிப் பிழையா ஒண்டும் அமத்தமாட்டன் தம்பி" என்றார்.

அவர் அன்றும் எதையும் பிழையாக அமத்தவில்லை. அதை எத்தனை தடவை கூறினாலும் அவர் நம்புவதாக இல்லை.